பத்தரைக்கு மேல் பவர் மெட்டல்

ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்து ஹெலோவீன் கோஷ்டி 1987-ல் 'கீப்பர் ஆஃப் தி செவன் கீஸ்' முதல் பாகத்தை வெளியிட்டது. குதிரைப் பாய்ச்சலில் டிரம்ஸ், அதன் மேல் ரெட்டை கிட்டார்! அந்தச் சத்தம்தான் எனக்கு வேண்டும். ஆனால் 100 வாட் மார்ஷல் ஆம்ப் வைத்தால் வீட்டுக்காரர் மறுநாளே காலி பண்ணச் சொல்வார். ஆகவே, ஆம்ப்பைக் கணக்குப் போட்டே மிமிக்ரி செய்கிற டிஜிட்டல் பெட்டி, காதில் ஹெட்போன்.

புதுசாய் வாங்கினவர்கள் முதல் காரியமாக கெயின் குமிழை முழுசாய் முறுக்குவார்கள். கூடவே கூடாது சார்! வேகமாய் வாசிக்கும்போது ஸ்வரமெல்லாம் கூழாகிவிடும். பாதியில் வையுங்கள். ஆம்ப்புக்கு முன்னால் ஒரு டியூப் ஸ்க்ரீமர்: டிரைவ் பூஜ்யம், லெவல் முழுசு. பி.காம். பாஷையில் சொன்னால், பாஸ் செலவு, மிடில் வரவு. அந்த மிடிலைக் குறைத்தால் தனியாக வாசிக்கும்போது இனிக்கத்தான் செய்யும். டிரம்ஸ் சேர்ந்ததும் கிட்டார் காணாமல் போகும். கடைசியில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் 8,000-க்கு மேலேயும் ஒரு வெட்டு. கொசு ரீங்காரம் போச்சு.

இத்தனையும் ரெண்டு வயசுப் பையன் தூங்கின பிறகு கிடைக்கிற அரை மணியில். என் காதுக்குள் ஹாம்பர்க்கே அதிர்கிறது. வெளியே கேட்பதோ வெறும் கம்பியின் டிக் டிக்.

நேற்று மனைவி எட்டிப் பார்த்தாள். "என்னங்க, பல்லியா?"