போடிமெட்டுப் பனியில் ஒரு பழைய அம்பாசிடர்

போடிநாயக்கனூரில் இறங்கியதும் முதலில் வரவேற்பது ஏலக்காய் மணந்தான். மண்டிகளின் சாக்கு மூட்டைகளிலிருந்து எழும் அம்மணம் தெருவெங்கும் நிறைந்திருக்கும். மேற்கே நோக்கினால் ஏலமலை சுவரென எழுந்து நிற்கும். கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, ஏறத்தாழ 4,500 அடி உயரத்திலுள்ள போடிமெட்டை அடைந்தால் தமிழகம் முடிந்து கேரளம் தொடங்குகிறது. தோட்டத் தொழிலாளரைச் சுமந்து ஜீப்புகள் வரிசையாக மேலேறுவது காலைதோறும் காணும் காட்சி.

சென்ற மார்கழியில் என் பழைய மாணவர் ஒருவரின் அழைப்பை ஏற்று, மெட்டைத் தாண்டிய ஒரு தோட்டத்திற்குக் குடும்பத்துடன் சென்றிருந்தேன். எமது ஊர்தி 1991ஆம் ஆண்டின் பெட்ரோல் அம்பாசிடர். அவ்வகைக் காரின் உற்பத்தியே 2014இல் நின்றுவிட்டது. சமவெளியில் சொன்னபடி கேட்கும் அது, குளிரில் முரண்டு பிடிக்கும். பட்டறை ஒன்றில் பாட்டரியை மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன். பணம் போயிற்று, குறை போகவில்லை.

அன்றிரவு மாணவரின் தாயாருக்கு மூச்சுத்திணறல் கண்டது. பஜ்ருக்குப் பின் நிலைமை மோசமாயிற்று. கீழிருந்து ஜீப்புகள் வர ஏழு மணியாகும். நான் ஓடிச்சென்று சாவியைத் திருகினேன். என்ஜின் முனகியதேயன்றிப் பற்றவில்லை. பதற்றத்தில் சோக்கை முழுவதும் இழுத்துத் திரும்பத் திரும்பத் திருகினேன். பெட்ரோல் நெடி எழுந்தது. ஸ்டார்ட்டரின் ஓசையோ தேய்ந்துகொண்டே போயிற்று.

லயத்திலிருந்து முதிய ஜீப் ஓட்டுநர் ஒருவர் கம்பளியைப் போர்த்தியபடி வந்தார்.

“ஹஜ்ரத், சாவிய விடுங்க. இன்னும் ரெண்டு திருகு திருகினா பாட்டரியும் செத்துரும்.”

பானெட்டைத் திறந்து, டிஸ்டிரிபியூட்டர் மூடியைக் கழற்றிக் காட்டினார். உள்ளே முத்து முத்தாக நீர்த்துளிகள்! பிளக்குகளோ கறுத்துப் பெட்ரோலில் நனைந்திருந்தன. குளிரில் பெட்ரோல் எளிதில் ஆவியாவதில்லை. என்ஜின் ஆயிலும் கெட்டிப்படுகிறது. பாட்டரியின் வலுவும் குறைகிறது. இத்தனைக்கும் மேலாக, ஈரத்தின் வழியே மின்சாரம் கசிந்துவிட்டால் பிளக்கில் பொறி ஏது? மலையில் காற்று வேறு மெலிந்தது. அங்கே சோக்கை அளவின்றி இழுத்தால் என்ஜின் பெட்ரோலில் மூழ்கிவிடும். கலைப்பட்டம் பெற்ற எனக்கு இதையெல்லாம் எந்த வகுப்பிலும் எவரும் சொல்லித் தந்ததில்லை.

அருகிலேயே ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் இருந்தது. இரவெல்லாம் அடுப்பெரிந்த அறை. பெரியவர் பிளக்குகளைத் துணியால் நன்கு துடைத்து, மூடியோடு சேர்த்து ஏலத்தட்டின் மேல் வைத்தார். அந்தக் கால்மணி நேரம் எனக்கு ஒரு யுகம். உள்ளே அம்மையாரின் மூச்சொலி முற்றம்வரை கேட்டது.

எல்லாவற்றையும் மாட்டியபின் சோக்கை உள்ளே தள்ளச் சொன்னார். சாவியைப் போட்டு, இரண்டாம் கியரில் கிளட்சை மிதித்துக்கொண்டேன். நால்வர் சரிவில் தள்ளினர். “இப்ப விடுங்க!” என்றார். வண்டி ஒருமுறை குலுங்கி உறுமியது.

போடி மருத்துவமனையில் உடனே பிராணவாயு வைத்தார்கள். மூன்றாம் நாள் அம்மையார் வீடு திரும்பினார்.

பெரியவர் விடைபெறும்போது, “இருட்டுல என்ஜினை ஓடவிட்டு பானெட்டைத் திறந்து பாருங்க” என்று சொல்லியிருந்தார். ஊர் திரும்பிய இரவே பார்த்தேன். பிளக் ஒயர்களின் வெடிப்புகளில் நீலப்பொறி ஊர்ந்துகொண்டிருந்தது. நான்கையும் மறுநாளே மாற்றினேன். புதிய பாட்டரியின் விலையோடு ஒப்பிட்டால் அது சொற்பத் தொகை.