எங்கள் வீட்டுக் கிணற்று நீர்

சென்ற தவணையில் ஒரு நாள், உயர்தர வகுப்பின் தொழினுட்பப் பிரிவு மாணவர்க்குச் செறிவைக் கணிக்கும் முறையை விளக்கிக்கொண்டிருந்தேன். பின்வாங்கிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "சேர், நாங்கள் வீடும் பாலமும் கட்டப் படிக்க வந்தவர்கள். இந்த இரசாயனம் எங்களுக்கு எதற்கு?" என்றான். வகுப்புச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அக்கேள்விக்குரிய விடையை நான் என் வீட்டுக் கூரையிலே கண்டவன்.

2013 ஆம் ஆண்டில் இப்பிரிவு பாடசாலைகளில் ஆரம்பிக்கப்பட்டபோது, கட்டடத் தொழிலும் இரசாயனமும் ஒரே மாணவன் கையில் வந்து சேர்ந்தன. மட்டக்களப்பு வாவிக் கரைக்கு இதைவிடப் பொருத்தமான கூட்டு வேறில்லை என்பேன். ஒரு புறம் கடல். மறு புறம் வாவி. இடையே ஒடுங்கிய மணற்றரையில் நம் வீடுகள். மாரி வெள்ளத்தில் வாவி நீரின் உவர்ப்புக் குறையும், கோடையில் ஏறும். கல்லடியில் 1924 ஆம் ஆண்டின் பழைய இரும்புப் பாலமும், 2013 இல் திறக்கப்பட்ட புதிய கொங்கிரீற்றுப் பாலமும் அருகருகே நிற்கின்றன. இரும்பில் ஏறும் துருவை வழிப்போக்கரும் காண்பர். கொங்கிரீற்றினுள்ளே கிடக்கும் கம்பியின் துருவை, அது வெடித்து வெளிவரும்வரை எவரும் காணார்.

2004 டிசம்பர் 26 இல் வந்த ஆழிப்பேரலை எங்கள் கிணற்றிலும் கடலை ஊற்றிவிட்டுப் போயிற்று. அடுத்த ஆண்டுக் கோடையில் வீட்டை மீளக் கட்டினோம். மேசன் வேலைக்கு வந்த முதியவர் கிணற்று நீரை ஒரு கை அள்ளி வாயில் விட்டுத் துப்பினார். "தம்பி, இது கரிக்குது. கொங்கிரீற்றுக்கு ஆகாது. வெளியில இருந்து எடுப்பம்" என்றார். நானோ இரசாயனத்தில் பட்டம் பெற்று வந்த புதிது. கையில் பணம் குறைவு. மனத்தில் அவசரம் அதிகம். "கூரையைத் தண்ணீரா தாங்கப் போகிறது?" என்று சொல்லி அந்நீரிலேயே குழைக்கச் செய்தேன். கலவை விரைவாக இறுகிற்று. குளோரைட்டு சீமெந்தின் இறுக்கத்தை விரைவுபடுத்தும் என்பதை மறந்து, அம்முதியவரிடம் பெருமை வேறு பேசினேன்.

சில ஆண்டுகளில் வளையின் கீழ்ப்புறத்தே, கம்பி ஓடிய வழியே, நீளமாக ஒரு வெடிப்புத் தோன்றியது. மண்ணிறக் கறையும் கசிந்தது. வெள்ளையடித்து மறைத்தேன். 2019 இல் ஒரு விடியற்காலை, தேங்காயளவு கொங்கிரீற்றுக் கட்டி ஒன்று அம்மாவின் படுக்கையில் விழுந்தது. அம்மா பூசைக்குப் பூப்பறிக்க எழுந்து போயிருந்தார்.

இதை வகுப்பில் மறைக்காமற் சொன்னேன். சீமெந்து நீருடன் தாக்கமுறும்போது கல்சியம் ஐதரொட்சைட்டு உண்டாகிறது. அதனாற் கொங்கிரீற்றின் உட்புறம் கடுங்காரமாக, பீ.எச். பெறுமானம் 12 ஐத் தாண்டி நிற்கும். அக்காரத்தில் உருக்குக் கம்பி மிக மெல்லிய ஒட்சைட்டுப் படலமொன்றைப் போர்த்துக்கொண்டு துருவாமல் இருக்கும். குளோரைட்டு அயன் அப்போர்வையைக் கிழித்துவிடுகிறது. துருவோ, தான் தின்ற இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். கிடைக்காவிடிற் கொங்கிரீற்றைப் பிளக்கும்.

மறுநாள் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டுக் கிணற்று நீரைப் போத்தலிற் கொண்டுவந்தார்கள். சில துளி பொற்றாசியம் குரோமேற்று இட்டு, வெள்ளி நைத்திரேற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டோம். வெண்மையான வீழ்படிவு திரண்டது. குளோரைட்டு முடிந்த கணத்தில் செங்கல் நிறம் தோன்றி நிலைத்தது. கம்பியிடும் கொங்கிரீற்றுக்கு உரிய நீரில் லீற்றருக்கு 1000 மில்லிகிராம் குளோரைட்டு என்பது ஐரோப்பிய நியமத்தின் எல்லை. இந்திய நியமத்தில் 500 தான். கடல்நீரில் ஏறத்தாழ 19,000 உண்டு. கேள்வி கேட்ட மாணவனின் கிணறு தப்பியது. வகுப்பில் வாய் திறவாத ஒரு மாணவியின் போத்தல் இரண்டு எல்லைகளையும் தாண்டிவிட்டது. அவள் வீட்டில் வருகிற ஞாயிறு கூரைக்குக் கொங்கிரீற்று இடுவதாக ஏற்பாடு. "அப்பாவிடம் இதை எப்படிச் சொல்லுறது, சேர்?" என்றாள்.

மாலையில் நானே போனேன். தகப்பனார் மீன்பிடித் தொழிலாளி. வலையை ஒதுக்கிவைத்துவிட்டு வந்தார். வாளியிலிருந்து ஒரு மிடறு குடித்துப் பார்த்து, "நாங்க வாவித் தண்ணிக்குப் பழகின ஆக்கள், சேர். எங்கட நாக்குக்கு இது உப்பில்ல" என்றார். வெள்ளி நைத்திரேற்றைப் பற்றி அவரிடம் நான் ஒன்றும் பேசவில்லை. அம்மாவின் படுக்கையைப் பற்றிச் சொன்னேன். சற்று நேரம் பேசாதிருந்தார். பின்பு, பவுசருக்கு எவ்வளவு கேட்பார்கள் என்று மனைவியிடம் விசாரித்தார்.

வேலை ஒரு வாரம் தள்ளிப்போயிற்று. அடுத்த ஞாயிறு பவுசர் வந்தது. வாளி கைமாற்றும் வரிசையில் நானும் நின்றேன்.