கல்யாணப் பத்திரிகை ஒரு சான்றாவணம்

மயிலாப்பூர் சித்திரகுளம் பக்கத்து வீடு ஒன்றுக்காக நடந்த பாகப்பிரிவினை வழக்கு அது. பூர்வீகச் சொத்து. தாயார் முன்பே காலமாகிவிட்டார். தகப்பனார் 1996இல் உயில் எழுதாமலே போய்ச் சேர்ந்தார். ஒரு மகன், இரண்டு மகள்கள். மூத்த மகள் என் கட்சிக்காரர்.

எதிர்த்தரப்பு குறியீடு செய்த முக்கியமான சான்றாவணம் அவருடைய கல்யாணப் பத்திரிகை. நாலு மூலையிலும் மஞ்சள் தடவியது. முகூர்த்தம் 1989 தை மாதம். தமிழ்நாட்டில் மகளுக்கும் பிறப்பால் பங்குரிமை தந்த திருத்தச் சட்டம் அமலுக்கு வந்ததோ அதே ஆண்டு மார்ச் 25. அதற்கு முன் மணமானவர்களுக்கு அன்று அந்த உரிமை கிடையாது. தங்கைக்கு 1991இல்தான் கல்யாணம். ஆகவே அண்ணனுக்கும் தங்கைக்கும் ஆளுக்கு ஒன்பதில் நான்கு பங்கு. இவருக்குத் தகப்பனார் பாகத்திலிருந்து மட்டும் ஒன்பதில் ஒன்று.

"ரெண்டு மாசம் தள்ளி முகூர்த்தம் வச்சிருந்தா எனக்கும் சம பங்கு கிடைச்சிருக்கும், இல்லையா மேடம்?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

கல்யாணத்தால் பெண்ணின் பங்கு குறைவது புராணங்களிலும் உண்டு. மதுரையில் சித்திரைத் திருவிழாவின் எட்டாம் நாள் மீனாட்சிக்குப் பட்டாபிஷேகம், பத்தாம் நாள் திருக்கல்யாணம். ஆண்பிள்ளைபோல் வளர்ந்து திக்விஜயம் போன தடாதகை என்ற அந்த மீனாட்சிக்கு ஆட்சி நாலு மாதம்தான். ஆவணி முதல் எட்டு மாதம் கணவர் சொக்கநாதருடையது. கிரேக்கக் கதைகளிலும் கன்னியாகவே இருந்த அதீனாவுக்கு நகரமும் ஆயுதமும் வாய்த்தன. சீயஸின் மனைவி ஹீரா அரசியாக இருந்தும் அவனோடு மல்லுக்கட்டியே காலம் கழித்தாள். ஏதென்ஸில் ஆண்வாரிசு இல்லாதவரின் சொத்து குலத்தைவிட்டுப் போகாதபடி, அவர் மகளை மணக்கும் உரிமை தகப்பன்வழி நெருங்கிய உறவினனுக்கு இருந்தது. கல்யாணத்தை வைத்துப் பெண்ணின் பங்கை அளப்பது அங்கேயும் அநியாயம், இங்கேயும் அநியாயம்.

2005 செப்டம்பர் 9 முதல் மத்திய அரசின் திருத்தம் மணமான மகளையும் சேர்த்துக்கொண்டது. தகப்பனார் அன்று உயிரோடு இல்லையே என்று மறுத்தார்கள். 2015இல் பிரகாஷ் – பூலாவதி வழக்கில் உச்ச நீதிமன்றமும் அப்படியே சொல்லிவிட்டது. எங்கள் மேல்முறையீடு நிலுவையில் கிடந்ததுதான் காப்பாற்றியது. 2020 ஆகஸ்ட் 11 அன்று, வினீதா சர்மா வழக்கில், இந்த உரிமை பிறப்பால் வருவது, தகப்பனார் 2005இல் உயிரோடு இருக்க வேண்டியதில்லை என்று தீர்ப்பாயிற்று. எங்கள் வழக்கில் மூவருக்கும் மூன்றில் ஒரு பங்கு கிடைத்தது.

மணமான சகோதரிகளே, கூடப்பிறந்தவர் நீட்டும், உங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுமுன் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள்.