அம்மாவின் உப்புக் கணக்கு

இலண்டனில் என் தமக்கையார் இல்லத்தில் ஏழாண்டுகள் வாழ்ந்த எம் அன்னையார், 2018ஆம் ஆண்டின் இளவேனிற் காலத்தில் எம்மோடு வாழ ரொறன்ரோ வந்து சேர்ந்தார். அவருடைய பயணப் பெட்டியில் இருந்தவற்றுள் இரண்டினை நான் இன்றும் மறக்கவில்லை. ஒன்று, குருதியமுக்கத்துக்கான மாத்திரைகள். மற்றையது, அக்காவின் கையெழுத்தில் அமைந்த ஒரு துண்டுத்தாள்: “நாளொன்றுக்கு உப்பு 6 கிராமுக்கு மேற்படக் கூடாது.” பிரித்தானியாவில் வளர்ந்தோர்க்குக் கூறப்படும் எல்லை அதுவே.

நான் கணக்கில் கண்டிப்பானவன் என்று பெயரெடுத்தவன். உடனே குறிப்பேடு ஒன்றைத் திறந்தேன். பாண், தகரத்தில் அடைத்த மீன், சூப்பு, பிஸ்கற்று என அம்மா உண்பவற்றின் பொதிகளைத் திருப்பிப் பார்த்து, ஆங்கு அச்சிட்டிருந்த எண்களைக் குறித்துக் கூட்டினேன். ஒரு நாளைய கூட்டுத்தொகை 2,350 மில்லிகிராம். “இன்னும் மூன்றரைக் கிராமுக்கு இடமிருக்கிறது, அம்மா” என்று பெருமையோடு அறிவித்தேன். ‘உப்பில்லாப் பண்டம் குப்பையிலே’ என்று அதுவரை முணுமுணுத்து வந்தவர் முகம் மலர்ந்தார். அந்த மூன்றரைக் கிராமும் சொதிக்கும் சம்பலுக்குமாகச் சென்றது.

இரு மாதங்களில் அவருடைய கணுக்கால்கள் வீங்கின. குருதியமுக்கம் 170ஐத் தாண்டியது. மருத்துவர் மாத்திரையின் அளவைக் கூட்டினார். உணவில் உப்பு மிகுகின்றதோ எனவும் வினவினார். “நாள்தோறும் ஆறு கிராமுக்கு உட்பட்டே” என்று நானே உறுதி கூறினேன்.

பின்னர் ஒரு மாலை, பதினோராம் வகுப்பிற் பயிலும் என் மகன் இரசாயனப் பாடத்துடன் சாப்பாட்டு மேசையில் வந்தமர்ந்தான். அயன் சேர்வைகளின் சூத்திரத்தைக் கண்டு, அவற்றிலுள்ள ஒவ்வொரு மூலகத்தினதும் திணிவு நூற்றுவீதத்தைக் கணிக்க வேண்டுமாம். யாழ்ப்பாணத்தில் இப்பாடத்தைத் தமிழிலேயே கற்றவன் யான். ஆதலால் தமிழிலேயே விளக்கலானேன்.

மாணவர்களே, அயன் சேர்வையை முழுமையாக நோக்கின் அதற்கு மின்னேற்றம் இல்லை. அதிலுள்ள நேரேற்றங்களும் மறையேற்றங்களும் ஒன்றுக்கொன்று ஈடாகிவிடும். மகனீசியம் அயனுக்கு நேரேற்றம் இரண்டு. குளோரைட்டு அயனுக்கு மறையேற்றம் ஒன்றே. எனவே ஒரு மகனீசியத்தை ஈடுசெய்ய இரண்டு குளோரைட்டுகள் வேண்டும். மழைக்காலத்தில் ஊரில் உப்புச்சாடி கசிந்ததை அறிவீர்கள். அல்லது உங்கள் பெற்றோர் அறிவார்கள். கடலுப்போடு ஒட்டிவரும் இந்த மகனீசியங் குளோரைட்டே பெரும்பாலும் அதற்குக் காரணம். காற்றின் ஈரத்தை அது ஈர்த்துக்கொள்ளும். உப்பளங்களில் உப்பைக் குவித்து நெடுநாள் வடியவிடுவதும் அதனை அகற்றுவதற்கே. இக்கதையில் மகனுக்கு ஆர்வமிருக்கவில்லை. அருகிலிருந்த அவன் அப்பம்மாவுக்கு இருந்தது.

அடுத்து நம் கறியுப்பு. சோடியம் அயனுக்கு நேரேற்றம் ஒன்று. ஆகவே ஒன்றுக்கு ஒன்று. அணுத்திணிவு சோடியத்துக்கு 23, குளோரினுக்கு 35.5; கூட்டினால் 58.5. இருபத்து மூன்றை ஐம்பத்தெட்டரையால் வகுத்து நூறால் பெருக்கினால் 39.3. எஞ்சிய 60.7 வீதமும் குளோரின்.

39.3 என்று எழுதிய இடத்தில் என் பேனா நின்றது.

எழுந்து சென்று சூப்புத் தகரத்தை எடுத்துப் பார்த்தேன். கனடாவிற் பொதிகளில் அச்சிடப்படுவது உப்பன்று, சோடியம். இலண்டனில் அக்கா வாங்கும் பொதிகளிலோ உப்பு என்றே இருக்கும். உப்பின் ஐந்தில் இரண்டு பங்கை முழு உப்பென்று எண்ணி இரு மாதங்கள் கூட்டியிருக்கிறேன்! 2,350 மில்லிகிராம் சோடியத்தை 0.393ஆல் வகுத்தால் ஏறத்தாழ 6 கிராம் உப்பு. அம்மாவின் எல்லை பொதிகளாலேயே நிரம்பிவிட்டது. அதன்மேல் நான் வழங்கிய மூன்றரை. ஆக ஒன்பதரைக் கிராம். உலக சுகாதார நிறுவனம் சோடியம் 2 கிராமுக்குக் குறைவாக, உப்பு 5 கிராமுக்குக் குறைவாக என்று இரு எண்களைக் கூறுவதும் இதே 39.3 வீதத்தால் இணைந்ததே என்பது அப்போதுதான் விளங்கியது. எனக்குக் கற்பித்த ஆசிரியர் அருகில் இருந்திருப்பின் காதைத் திருகியிருப்பார்.

“அப்ப இவ்வளவு நாளும் ஒண்டரை மடங்கு உப்புத் திண்டிருக்கிறன், என்ன தம்பி?” என்றார் அம்மா. அவர் குரலில் கோபமில்லை. அதுவே என்னை மிகவும் வருத்தியது.

மறுநாட் காலை மருத்துவரிடம் நடந்ததைக் கூறினேன். சொதியின் உப்புக் குறைந்தது. தகர உணவுகள் நின்றன. சில வாரங்களில் வீக்கம் வற்றியது. உப்புக்குப் பதிலாகப் பொற்றாசியங் குளோரைட்டுக் கலந்த பொதியொன்றை வாங்கலாமா என்றும் கேட்டேன். அம்மாவின் மாத்திரையோடு அது ஒவ்வாது என்று அவர் தடுத்தார். சிறுநீரக நோயுள்ளோர்க்கும் அது தீங்காகலாமாம். பெற்றோர்கள் மருத்துவரை வினவாது அதனை வாங்க வேண்டாம்.

இப்போது கணக்குப் பார்ப்பவன் என் மகன். அப்பம் சுடும் நாளில் மாவில் இடும் சோடாவையும் அவன் விடுவதில்லை. அதன் சூத்திரத்தில் சோடியம் ஒன்று, ஐதரசன் ஒன்று, காபன் ஒன்று, ஒட்சிசன் மூன்று, கூட்டுத்தொகை 84, அதில் 23 என்பது 27.4 வீதம். “உப்புக் கரிக்காவிட்டாலும் சோடியம் சோடியந்தான், அப்பம்மா” என்று சொல்லிக்கொண்டே, சிறிய தராசில் ஒரு கிராம் நிறுத்து, 274 மில்லிகிராம் என்று குறிப்பேட்டில் எழுதுகிறான்.