சங்கு ஓய்ந்த ஊரில் இரலைத் தடம்

பாரத் தங்கச் சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. ஷிப்ட்டுக்குக் கூப்பிட்ட சங்கும் அதோடு ஓய்ந்தது. அன்று முதல் கோலார் தங்கவயலைப் பற்றி எழுதுகிறவர்கள் மூடிய ஷாஃப்ட்டையும் சயனைடு மேட்டையும் லைன் வீடுகளையும் எழுதுகிறார்கள், எழுத வேண்டியதுதான். ஆனால் அந்த மேடுகளைத் தாண்டிக் கிடக்கும் வெட்டவெளியில் வெளிமான் மேய்கிறது. பழந்தமிழில் இரலை, கன்னடத்தில் கிருஷ்ணமிருகம். காமசமுத்திரம் பக்கம் போனால் யானைக் காடு. பங்காரப்பேட்டை தாலுகாவின் காமசந்திரா வனவிலங்கு சரணாலயம் அங்கேதான் இருக்கிறது. எல்லையைத் தாண்டினால் ஆந்திரத்தின் கௌண்டின்யா சரணாலயம். இத்தனையும் கூப்பிடு தூரத்தில் இருக்க, ஆண்டுதோறும் அக்டோபர் 2 முதல் 8 வரை வரும் வன உயிரின வாரத்தில் நம் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் கிடைப்பது மண்டபத்துக்குள் ஓவியப் போட்டியும் விநாடி வினாவும்தான். கர்நாடக வனத்துறையின் 'சின்னர வன தர்ஷன' அரசுப் பள்ளிப் பிள்ளைகளைக் காட்டுக்கே அழைத்துப் போகிறது. நல்ல திட்டம், குறை சொல்லமாட்டேன். நான் கேட்பது அதற்கு ஒரு படி மேலே: தங்கவயல் பிள்ளைகளின் காட்டுக் கல்வி அவர்கள் ஊர் வெளியிலேயே, தடம் பார்க்கத் தெரிந்த வனத்துறை வாட்ச்சரின் பின்னால் நடந்து, வருடம் முழுக்க நடக்க வேண்டும். அந்த வாட்ச்சரை ஆசிரியராக மதித்து அதற்கென்று தனிக் கூலி கொடுக்க வேண்டும்.

தடம் பார்ப்பது ஒரு கைத்தொழில் என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். வெளிமானின் குளம்பு ஒடுங்கி, நுனி கூராகப் பதியும். அதே புழுதியில் ஆட்டின் தடம் மழுங்கி, வட்டமாகத் தெரியும். இடம் பிடித்து நிற்கும் கிடா தினமும் ஒரே இடத்தில் புழுக்கை போட்டுக் குவியலாக்கும். பழையது வெளுத்துக் கிடக்க, மேலே இருப்பது ஈரம் காயாமல் கறுத்து மின்னினால் கிடா அருகிலேயே இருக்கிறது என்று பொருள். கண்ணுக்குக் கீழே உள்ள சுரப்பியைப் புல் நுனியில் தேய்த்துவிட்டுப் போயிருக்கும். அந்தக் கறுப்புப் பிசுபிசுப்பைக் குனிந்து தேடினால்தான் காணலாம். யானைக்கு வேண்டிய கருவி ஒரு நீளமான நூல், அவ்வளவுதான். முன்னங்கால் தடத்தைச் சுற்றி நூலை வைத்து அளந்து, வந்த நீளத்தை இரட்டித்தால் யானையின் தோள் உயரம் ஏறக்குறைய வந்துவிடும். இரவில் ராகி வயலில் இறங்கியது தாயா குட்டியா என்பதை யானையைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். லத்தியைக் கிளறினால் அது எந்தத் தோப்பில் மேய்ந்தது என்பதும் தெரியும். பெருக்கல் கணக்கை இதைவிட நன்றாக எந்தக் கரும்பலகை சொல்லிக்கொடுக்கும்?

இந்த ஊருக்கு இப்படிக் கற்பது புதிதல்ல. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது முதல் வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து சுரங்கத்தில் இறங்கியவர்கள் புத்தகம் படித்துப் பாறையைக் கற்கவில்லை. கூரையைக் கடப்பாரையால் தட்டிப் பார்த்து, கணீரென்றால் கெட்டி, பொத்தென்றால் கழன்று நிற்கிறது என்று பக்கத்தில் நின்ற மூத்தவரிடம் கற்றார்கள். தங்கவயலில் 'ஏர் பிளாஸ்ட்' என்று வழங்கிய பாறை வெடிப்பு எத்தனையோ உயிர்களைக் குடித்தது. அந்த ஆழத்தில் காதுதான் காவல். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. அந்தக் காதும் கண்ணும் உள்ளவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். ஊரின் மேல்தரையை அவர்களுக்குக் காட்டியவர் யாரும் இல்லை.

கற்றுக்கொடுக்க ஆள் இருக்கிறார்களா என்றால், இருக்கிறார்கள். யானை விரட்ட இரவெல்லாம் டார்ச்சும் பட்டாசுமாக வயல் வரப்பில் நிற்கும் வாட்ச்சர்கள்தான் அவர்கள். இவர்களில் பலர் தினக்கூலிகள். வேலை ஏஜென்சி வழியாக எடுக்கப்படுகிறவர்களும் உண்டு. எங்கெல்லாம் கூலி மூன்றாம் கை வழியாக வருகிறதோ, அங்கெல்லாம் அது குறையவும் தாமதிக்கவும் இடம் உண்டு. ஆள் பிடித்துக் கொடுத்துக் கமிஷன் வாங்கும் ஒப்பந்தக்காரரைத் தங்கவயல் சுரங்கக் காலத்திலேயே பார்த்துவிட்டது. சுரங்கத்தில் அந்த முறை செய்த கேட்டை அறிந்த ஊர், காட்டு வேலையில் அதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. உயிரைப் பணயம் வைக்கிறவனுக்கும் சம்பளத்துக்கும் நடுவில் யாரும் நிற்க வேண்டியதில்லை. இடைத்தரகர் இல்லாமல் நடக்குமா என்று கேட்பவர்கள் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தைப் பார்க்கட்டும். தோலுக்காகப் பாம்பு பிடித்தவர்களின் கை, விஷம் எடுத்துவிட்டுப் பாம்பைத் திரும்ப விடும் கையாக மாறியது. வடநெம்மேலியில் மக்கள் முன்னிலையிலேயே அந்த வேலை நடக்கிறது. பெரியாறு புலிகள் காப்பகத்தில் வயண மரத்தின் பட்டையைத் திருடிப் பிழைத்தவர்கள் 1998இல் குழுவாகச் சேர்ந்து பயணிகளுக்கு வழிகாட்டிகளானார்கள். காட்டை நன்றாக அறிந்தவர் திருடராக இருந்தாலும் அந்த அறிவு வீண் போகாது என்பதற்கு அதுவே சாட்சி. சென்னைக் கடற்கரையில் 1988 முதல் மாணவர்கள் இரவு நடந்து ஆமை முட்டைகளைக் காக்கிறார்கள். பொதுமக்களும் பிள்ளைகளோடு கூட நடக்கிறார்கள். எங்குமே பெரிய கட்டடம் தேவைப்படவில்லை.

பிள்ளைகள் கூட்டமாகப் போனால் மான் மிரளாதா? மிரளும். புல்லுக்குள் குட்டியைப் படுக்க வைத்துவிட்டுத் தாய் தள்ளி மேயும் பருவத்தில், அனாதைக் குட்டி என்று நினைத்து யாராவது தூக்கிவிட்டால் அதோடு அதன் கதை முடிந்தது. அதனால்தான் பதினைந்து பேருக்கு மேல் வேண்டாம் என்கிறேன். குட்டி ஈனும் இடத்தை விட்டு விலகி நடத்த வாட்ச்சர் வேண்டும் என்கிறேன். வேலை இல்லாத ஊரில் மான் எதற்கு, அந்த நிலத்தில் தொழிற்சாலை வரட்டும் என்பது இன்னும் கனமான கேள்வி. பசித்தவரிடம் மானைக் காட்டிப் பேசுவது அழகல்ல. தொழிற்சாலை வரட்டும், ஆனால் ஏக்கர் கணக்கில் கிடக்கும் சுரங்க நிலத்தில் எது புல்வெளி, எது வெறும் கட்டாந்தரை என்று பிரித்துச் சொல்ல ஊரில் நாலு இளைஞருக்குத் தெரிந்திருந்தால்தான் எதை விடலாம், எதை விடக்கூடாது என்று பேரம் பேசவே முடியும். சயனைடு மேடு மட்டும் பிள்ளைகளுக்கு ஆகாது. அரைத்த கல்மாவும் ரசாயன எச்சமும் ஆடிக்காற்றில் பறக்கும் இடம் அது. சினிமாக்காரர்கள் படம்பிடிக்கப் போகிறார்கள் என்று பள்ளிக்கூடம் போகக் கூடாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நல்லெண்ணத்தோடு செய்யும் மரம் நடு விழா வெளிமானுக்குத் தீங்காக முடியும். அதற்கு வேண்டியது குட்டைப் புல்லும், தூரத்தில் வரும் நாயைக் காணும் திறந்தவெளியும். இதே மாநிலத்தில் ராணிபென்னூர் சரணாலயம் 1974இல் இந்த மானுக்காகவே அறிவிக்கப்பட்டது. அதன் பெரும்பகுதி தைலமரத் தோப்பு. கோலார் மாவட்டமே தைலமரத்தால் நொந்துபோன மாவட்டம். ஆகவே இங்கே விழா எடுப்பவர்கள் கன்று நடுவதை விட்டுவிட்டு, முளைத்து வரும் தைலக் கன்றையும் உண்ணிச்செடியையும் பிடுங்கும் நாளாக வைக்கலாம். தெருநாய்களைக் கட்டுப்படுத்த நகராட்சியைக் கூட்டி வந்து பேச வைக்கலாம். பேச்சு கன்னடத்தில் மட்டும் இல்லாமல், வீட்டில் தமிழும் தெலுங்கும் பேசும் பிள்ளைகளுக்கும் விளங்க இருக்கட்டும்.

ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டைப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கு: வருகிற அக்டோபர் 2 அன்று மண்டபம் பிடிக்க வேண்டாம். வனத்துறையிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். காலை ஏழு மணிக்குள் வெயில் ஏறுமுன் பதினைந்து பிள்ளைகளை வெளிக்கு அழைத்துப் போங்கள். கூட ஒரு வாட்ச்சர் வரட்டும். அவருக்கான அன்றைய கூலியை, பிள்ளைகள் பார்க்க, அவர் கையிலேயே கொடுங்கள்.