அம்மாவின் காந்தாரம்

1/ அம்மாவுக்கு 71 வயசு. 40 வருஷமா வீட்டுலயே பாட்டு சொல்லிக் கொடுக்கறாங்க. தம்புராவைத் தூக்க முடியல, தோள் வலின்னு சொன்னதால ஒரு கீபோர்டு வாங்கிக் கொடுத்தேன்.

2/ ரெண்டே நாள்ல மூடி வெச்சிட்டாங்க. "பஞ்சமம் பரவால்லடா. காந்தாரம்தான் ஏறி நிக்குது, காதைக் குத்துது."

3/ நான் டாக்டராச்சே, உடனே நோயைத் தேடினேன். உள்காது பாதிச்சா சிலருக்கு ஒரே ஸ்வரம் ரெண்டு காதுலயும் வேற வேற உயரத்துல கேக்கும். "கீபோர்டு தப்பாகாதும்மா, காதைத்தான் பாக்கணும்"னு ஆடியோகிராம் எடுக்க வெச்சேன். வயசுக்கேத்த லேசான குறைவு, அவ்வளவுதான்.

4/ ஆனா அம்மா வகுப்பை நிறுத்திட்டாங்க. "என் காதே சரியில்லைன்னா, பிள்ளைங்களுக்கு எதைடா சொல்லித் தர்றது?"

5/ அப்புறம்தான் கணக்கைப் பார்த்தேன். அம்மா சுருதி 5 கட்டை, ஸட்ஜம் 196 ஹெர்ட்ஸ். தம்புராவில் தானாக எழும் அந்தர காந்தாரம் அதற்கு ஒன்றேகால் மடங்கு கணக்கு: 245. கீபோர்டில் அதே காந்தாரம் கிட்டத்தட்ட 247.

6/ ஏன்? சுத்தமான பஞ்சமம் ஸட்ஜத்தின் ஒன்றரை மடங்கு. இப்படி பஞ்சமம் பஞ்சமமாக 12 முறை ஏறினால், 7 ஸ்தாயி மேலே மறுபடி ஸட்ஜத்தில் நிற்க வேண்டும். நிற்காது, கொஞ்சம் தாண்டிவிடும். அரை ஸ்வரத்தை 100 பங்காக்கினால் (ஒரு பங்குக்குப் பேர் சென்ட்) சுமார் 23.5 சென்ட் அதிகம்.

7/ எந்த சுருதியில் வாசித்தாலும் ஒரே மாதிரி ஒலிக்கணும்னு கீபோர்டில் ஸ்தாயியை 12 சம துண்டாக வெட்டிட்டாங்க. இதில் பஞ்சமம் 2 சென்ட்தான் குறையும். காந்தாரமோ 14 சென்ட் ஏறிவிடும்.

8/ பஞ்சமம் பரவால்ல, காந்தாரம் ஏறுது. அம்மா சொன்னதும் அதேதானே!

9/ ஆடியோகிராம், எவ்வளவு மெல்லிய சத்தம் காதில் விழுதுன்னுதான் அளக்கும். 14 சென்ட் வித்தியாசம் தெரியுதான்னு அளக்காது. தப்பான டெஸ்ட்டை எடுத்துட்டு, சரியான காதைச் சந்தேகப்பட்டிருக்கேன்.

10/ ஒரு எச்சரிக்கை: திடீர்னு ஒரு காது மட்டும் மந்தமானாலோ, ஸ்வரம் மாறிக் கேட்டாலோ தள்ளிப்போடாதீங்க. அன்னிக்கே காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்க. சீக்கிரம் வந்தால்தான் மருந்து வேலை செய்ய வாய்ப்பு அதிகம்.

11/ அம்மாகிட்ட மன்னிப்பு கேட்டேன். வகுப்பு திரும்ப ஆரம்பிச்சாச்சு. தம்புராவை இப்ப நான்தான் தூக்கிக் கொடுக்கறேன்.