வெண்கண்டலை எடுத்துக்கொள்

முத்துப்பேட்டை

அன்புள்ள கயல்,

உன் கடிதம் கிடைத்தது. எம்.எஸ்சி. ஆய்வுக்கு வகுப்பில் எல்லாரும் புலி, நீர்நாய் என்றே கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். நீ வெண்கண்டலை எடுத்துக்கொள்ளம்மா. இங்கே அலையாத்திக் காட்டில் திரும்பின பக்கமெல்லாம் நிற்கிறதே, அந்த மரத்தைத்தான் சொல்கிறேன்.

1960-களில் சூழலியலாளர் ராபர்ட் பெய்ன் அமெரிக்காவின் மேற்குக் கரைப் பாறைகளிலிருந்து நட்சத்திர மீன்களை அகற்றிப் பார்த்தார். சிப்பிகள் பெருகி மற்ற உயிர்களை நெருக்கித் தள்ளின. கொஞ்சமாக இருக்கிற ஒரு உயிர் மொத்தக் கூட்டத்தையும் பிடித்து வைத்திருக்கும் என்று அவர் காட்டியது பெரிய விஷயம்தான். ஆனால் அதைப் படித்த பிறகு எல்லாருக்கும் அந்தக் கொஞ்சத்தின் மேலேயே கண். ஏராளமாக இருப்பதாலேயே ஒரு காட்டைத் தாங்குகிற உயிரும் உண்டு. அதன் பக்கம் யாரும் திரும்புவதில்லை என்பது என் ஆதங்கம்.

வெண்கண்டலின் கிட்டே போய்ப் பார். வெயில் நாளில் இலைமேல் உப்பு பூத்திருக்கும். நாக்கில் வைத்தால் கரிக்கும். உள்ளே ஏறின உப்பை இலை வழியாகத்தான் கழிக்கிறது. அடியில் சேற்றைக் குத்திக்கொண்டு பென்சில் பென்சிலாக மூச்சு வேர்கள். காற்றே புகாத அந்தச் சேற்றுக்குள் வேருக்கு மூச்சு அவற்றின் வழியாகத்தான் போகிறது. அவற்றுக்கு நடுவில் வண்டல் தங்கும், இறால் குஞ்சு ஒதுங்கும். பழுத்து விழுந்த இலையை நண்டு வளைக்குள் இழுத்துக்கொண்டு போகும்; மிச்சம் மட்கி மீன்வரைக்கும் போய்ச் சேரும். பத்து மரம் இதைச் செய்தால் கண்ணில் படாது. காட்டின் பெரும்பகுதியும் இந்த ஒரே மரமாக இருப்பதால்தான், வாய்க்கால் வெட்டி மீன்பிடிக்கிறவர்களுக்கு வலையில் ஏதாவது விழுகிறது.

அது எப்படி இவ்வளவு பெருகியது என்பதையும் கேள். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து 1970-கள் வரைக்கும் இந்தக் காட்டைப் பகுதி பகுதியாக வெட்டினார்கள். சுரபுன்னையை அடியோடு வெட்டினால் துளிர்க்காது, வெண்கண்டல் துளிர்க்கும். வெட்டவெளியான மண் காய்ந்து தாழ்ந்தது, கடல்நீர் தேங்கி உப்பு ஏறியது. காவிரியில் அணைகள் வந்தபின் கோரையாறும் பாமணியாறும் கொண்டுவந்த நல்ல தண்ணீரும் குறைந்தது. உப்பைத் தாங்கத் தெரிந்தது மிஞ்சியது. சில இடங்களில் அதுகூட முளைக்கவில்லை. 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து, மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி ஓதநீரை உள்ளே விட்ட பிறகுதான் கன்று பிடித்தது.

அதனால் இந்த ஆதிக்கத்தைச் செழிப்பு என்று மட்டும் எழுதிவிடாதே. காடு பட்ட அடியும் அதில் இருக்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது இதுதான்: வெண்கண்டல் விழுந்தால் அதன் வேலையை ஏற்றுக்கொள்ள இங்கே வேறு மரம் போதாது. தில்லையும் நரிக்கண்டலும் அங்கங்கேதான் நிற்கின்றன.

ஆற்றுத் தண்ணீர் எட்டுகிற இடத்தில் வெண்கண்டலுக்கு அடியில் வேறு கன்றுகள் முளைக்கின்றனவா, எட்டாத இடத்தில் என்ன நிலை என்று இரண்டையும் ஒப்பிட்டுப் பார். புரட்டாசியில் ஒருமுறையும் மழை ஓய்ந்து தை மாதத்தில் ஒருமுறையும் வந்தால் உப்பின் வித்தியாசம் தெரியும். ஜாம்பவானோடையில் படகு கிடைக்கும். வனத்துறை அனுமதிக்கு உன் கல்லூரிக் கடிதம் வேண்டும், முன்கூட்டியே வாங்கி அனுப்பு. அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அத்தை